மே மாதத்தில் வாத்து எண்ணியவள்

ஏரிக்கரையில் நின்று பறவை எண்ணுவதற்குச் சம்பளம் தருகிறார்கள் என்றால், என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள்கூட நம்பவில்லை. குடை பிடித்தால் பறவை மிரளும் என்று அதையும் மடக்கி வைத்துக்கொண்டு உச்சி வெயிலில் நின்ற என் இனத்தார் நாலு பேராவது இதைப் படிப்பீர்கள் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். கம்பெனியை விரிவாக்க அனுமதி வேண்டுமென்றால் சுற்றுச்சூழல் அறிக்கை வேண்டும். அதை எழுதித் தருவது எங்கள் ஆபீஸ். வேப்பம்பட்டிலிருந்து இரண்டு ரயில் மாறிப் போய்க் காய்வது நான்.

முதல் கணக்கு

கும்மிடிப்பூண்டியில் ஒரு கம்பெனி, பக்கத்து ஏரியின் ஓரத்தை மேடாக்கி லாரி நிறுத்தப் பார்த்தது. எளாவூர் வரைக்கும் ரோட்டோரம் நிற்கிற லாரிகளைப் பார்த்தால் எனக்கே பாவமாகத்தான் இருக்கும். மே மாதம் கூப்பிட்டார்கள், போய் எண்ணினேன். ஏழு கொக்கு, ஒரு மீன்கொத்தி.

கம்பெனி மேனேஜரிடம் விளக்கினேன். வலசை வாத்துகள் இப்போது வடக்கே இருக்கும். அங்கே இந்த மாதங்களில் பகல் பதினாறு, பதினெட்டு மணி நேரம். குஞ்சுகளுக்கு இரை தேட நேரம் தாராளம். குளிர்காலத்தில் பகல் சுருங்கும், தண்ணீர் உறையும், வயிறு நிரம்புவதற்குள் இருட்டிவிடும். அப்போதுதான் பகல் அதிகம் குறையாத நம் பக்கம் வரும். அதனால் டிசம்பரில் எண்ணுவதுதான் நியாயம் என்றேன். பொறுமையாகக் கேட்டவர், மோர் வரவழைத்துக் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "தெரியும் மேடம். அதனாலதான் மே மாசத்துல கூப்பிட்டோம்."

சாப்பாட்டு நேரம்

கம்பெனி வாசலில் காவலுக்கு நிற்கும் ஏழுமலை, முன்பு இதே ஏரிப் பாசன வயல்களில் கூலிக்கு நாற்று நட்டவர். நான் என்ன எழுதுகிறேன் என்று எட்டிப் பார்த்தார். அவருக்கும் சொன்னேன்: அங்கே பகல் போதாமல் பட்டினி கிடக்கக் கூடாது என்றுதான் வாத்துகள் இங்கே வருகின்றன, இங்கே இரை தேட தினமும் பதினோரு மணி நேரத்துக்கு மேல் கிடைக்கும். அவர் வாத்துகளுக்காக இரக்கப்படவில்லை. "துன்றதுக்கே பதினோரு மணி நேரமா? எனக்கு அரை மணி நேரந்தான் மேடம். அதுலயே கையும் கழுவிக்கினு வரணும்."

கடைசிப் பக்கம்

அறிக்கையின் முதல் பக்கத்திலேயே, 'இது மே மாதக் கணக்கு. டிசம்பரில் மறுபடி எண்ணாமல் முடிவு செய்யக் கூடாது' என்று எழுதினேன். எங்கள் முதலாளி அதை இரண்டு முறை படித்தார். அந்த வரியை எடுத்தால் என் கையெழுத்து இருக்காது என்று சொல்லிவிட்டேன். அவர் கோபப்படவில்லை. "உண்மைய எழுதறதுல தப்பே இல்லம்மா. கடைசிப் பக்கத்துல, சின்ன எழுத்துல எழுது."

கல்யாண மண்டபம்

கருத்துக் கேட்புக் கூட்டம் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. ஏரிக்குக் கீழே இரண்டு ஏக்கர் நெல் வைத்திருக்கும் கன்னியம்மா, எதையும் கடைசிப் பக்கத்திலிருந்து படிக்கிறவராம். ஏரி சுருங்கினால் அவருக்கு இரண்டாம் போகம் கிடையாது. மேனேஜர் மைக்கைப் பிடித்து, ஏரியில் பறவையே இல்லை என்று அறிக்கையே சொல்கிறது என்றார். கன்னியம்மாவுக்கு மைக் தேவைப்படவில்லை. "மே மாசத்துல இஸ்கூல்ல போய் எண்ணு சார், ஒரு புள்ள இருக்காது. அதுக்குன்னு இஸ்கூல இடிச்சிட்டு லாரி உடுவியா?"

கூட்டத்தை நடத்திய அதிகாரி சிரித்துவிட்டார். சிரித்துக்கொண்டே டிசம்பரில் மறுபடி எண்ணச் சொல்லி எழுதியும் விட்டார்.

இரண்டாம் கணக்கு

டிசம்பரில் விடிந்தும் விடியாமலும் போனேன். ஊசிவால் வாத்தும் கிளுவை வாத்துமாக ஏரியில் தண்ணீர் தெரியவில்லை. எண்ண எண்ண எனக்குக் கண் கலங்கி, இரண்டு முறை கணக்கு தப்பியது. மார்ச் வரை இருக்கும் என்று சொல்லி மேனேஜரிடம் பைனாகுலரைக் கொடுத்தேன். நெடுநேரம் பார்த்தார். நல்ல மனுஷர்தான், முகம்கூடக் கனிந்துவிட்டது. பைனாகுலரைத் திருப்பிக் கொடுக்கும்போது மெதுவாகக் கேட்டார்: "இதுங்க மார்ச்ல போயிடும்னீங்களே மேடம். அப்போ ஏப்ரல்ல மண்ணடிக்க ஆரம்பிக்கலாமா?"

டிசம்பர் கணக்கால் அந்த ஏரி பிழைத்துக்கொண்டது, லாரிகள் ரோட்டுக்கு எதிர்ப்புறம் போய்விட்டன. ஆனால் இந்த வருஷம் மே மாதம் வந்து எண்ணித் தரச் சொல்லி எங்கள் ஆபீஸுக்கு நாலு கம்பெனிகள் கடிதம் போட்டிருக்கின்றன, நாலிலும் 'வேறு ஆளை அனுப்பவும்' என்று ஒரு வரி இருக்கிறது.