ஆணியில் தொங்கிய சிவப்பு விளக்கு

வெர்மான்ட்டில் அந்த மலைச்சரிவில் பகலெல்லாம் சறுக்குபவர்கள் கிளறிப்போட்ட பனியை, அவர்களை மேலேற்றும் நாற்காலி லிஃப்ட் நின்றபிறகு வண்டியோட்டிச் சமன்செய்வதுதான் எல்வுட் பெல்னாப்பின் வேலை. செங்குத்தான இடத்தில் வண்டி வழுக்கும். உச்சியிலுள்ள தூணில் வண்டியின் எஃகு வடத்தைப் பிணைத்துக்கொண்டுதான் இறங்குவார். விறைத்து நிற்கும் அந்த வடம் அந்தியில் யார் கண்ணுக்கும் தெரியாது.

அவர் மனைவி லூசிலின் தம்பி ஆர்மண்ட். ஒட்டுப்பலகையை வளைத்து, முனையில் ஒரு கயிறு, கால்களுக்கு சைக்கிள் டியூப் என்று தானே ஒரு சறுக்குப்பலகை செய்திருந்தான். அதில் பக்கவாட்டில் நின்று, கடலலையில் போவதுபோல் மலையிறங்குவான். அப்போது அந்தப் பக்கத்தில் அப்படி இறங்கியவர்கள் ஏழெட்டுப் பேர் இருந்தால் அதிகம். மலை முதலாளி அவர்களை ரவுடிகள் என்றார். லிஃப்ட்டில் ஏற விடவில்லை. அதனால் லிஃப்ட் நின்றதும் ஆர்மண்ட் பலகையைத் தோளில் போட்டுக்கொண்டு மரங்களுக்கிடையே நடந்தே ஏறினான்.

"வடம் கட்டியிருக்கறப்ப வந்து தொலைக்காதடா."

"அப்ப எனக்கு ஒரு சிக்னல் வை மச்சான். நீ ரயில்வேல இருந்திருக்க வேண்டிய ஆளு."

கேலிதான். ஆனாலும் எல்வுட் ஒரு சிவப்பு விளக்கை வாங்கி, வடம் கட்டும் நாளில் ஏறுபாதைக் கம்பத்தில் மாட்டத் தொடங்கினார். விளக்கு எரிந்தால் ஆர்மண்ட் அடிவாரத்து வண்டிக் கொட்டகையில் காப்பி குடித்தபடி காத்திருப்பான். எரியாவிட்டால் ஏறுவான். சில குளிர்காலங்கள் இப்படியே போயின.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தைந்தில் முதலாளி இறங்கிவந்தார். பக்கத்து மலை பலகைக்காரர்களை ஏற்றிக்கொண்டது. கூட்டமும் அங்கே போனது. மறுநாளிலிருந்து இங்கேயும் ஏறலாம். செய்தியை எல்வுட்தான் ஆர்மண்ட் வேலைபார்த்த மரப்பட்டறைக்குப் போய்ச் சொன்னார்.

"இனிமே மகாராஜா மாதிரி உக்காந்துகிட்டே மேல போகலாம்டா."

"ஐயோ, என் காலு ரெண்டும் ஏங்கிப்போயிடுமே!"

"இன்னிக்காவது வீட்டுக்கு வா. அக்கா பீன்ஸ் வேகவச்சிருக்கா."

"சரி, சரி."

அந்தச் சரியை எல்வுட் நம்பினார். காலையில் நாற்காலியில் போகப்போகிறவன் இன்றைக்கு எதற்கு நடந்து ஏறுவான்? வடத்தைக் கட்டினார். விளக்கு கொட்டகை ஆணியிலேயே தொங்கியது.

ஆர்மண்டுக்கோ, அந்த மலையில் தன் காலால் ஏறும் கடைசி மாலை அது.

வடம் ஒருமுறை அதிர்ந்தது. கிளை ஏதாவது விழுந்திருக்கும் என்று எல்வுட் மேலும் கொஞ்சம் ஓட்டினார். அப்புறம் வண்டியின் வெளிச்சத்தில் அந்தப் பலகை, மேலே யாருமில்லாமல், கயிறு இழுபடத் தனியாக இறங்கிப் போனது.

"விளக்கு வச்சாலும் மதிக்கமாட்டானுங்க, அந்தப் பசங்க," என்றார்கள் அடக்கத்துக்கு வந்தவர்கள். எல்வுட் மறுக்கவில்லை. அன்றும் இல்லை, அதன் பிறகும் இல்லை.

பலகைகளுக்கு எஃகு விளிம்பு வந்தது, கம்பெனிகள் வந்தன. அந்த மலையில் பாதிப் பேர் பலகையில்தான் இறங்கினார்கள். கடைசியில் ஒலிம்பிக்கிலும் சேர்த்துவிட்டார்கள். தொலைக்காட்சியில் ஒரு பையன் பக்கவாட்டில் நின்று, கைகளை விரித்து இறங்கினான். நிற்பதெல்லாம் ஆர்மண்ட் மாதிரியே.

லூசில் திரையைப் பார்த்தபடியே கேட்டாள்: "அன்னிக்கு விளக்கு எரிஞ்சுதா?"

இத்தனை வருடத்தில் அவள் ஒருமுறையும் கேட்டதில்லை.

"இல்ல," என்றார்.

அவள் தலையை மட்டும் ஆட்டினாள். பையன் அடிவாரத்தை எட்டியதும் கூட்டம் எழுந்து நின்று கத்தியது. இருவரும் அசையாமல் உட்கார்ந்திருந்தார்கள்.