மீந்துபோன பீடிங்

இருங்காட்டுக்கோட்டையில் கார்களுக்கு பம்பர் வார்த்து, பெயின்ட் அடித்து அனுப்பும் கம்பெனி அது. மற்ற நாளெல்லாம் கேட்டில் பையைத் திறந்து காட்டச் சொல்லும் செக்யூரிட்டி, ஆயுதபூஜை அன்று மட்டும் பட்டுப்புடவைகளுக்கு சல்யூட் அடிப்பார். பர்மனென்ட் ஆட்கள் பெண்டாட்டி பிள்ளைகளைக் கூட்டி வந்து, தாங்கள் ஓட்டும் மெஷினுக்கு முன்னால் நிறுத்தி போட்டோ எடுத்துக்கொள்ளலாம். கான்ட்ராக்ட் ஆட்களுக்கு அந்த அனுமதி கிடையாது. அவர்களுக்கு ஒரு பொட்டலம் பொரியும் ஒரு ஸ்வீட் பாக்ஸும் உண்டு. பூசணிக்காய் உடைத்த இடத்தைக் கழுவிவிடும் வேலையும் உண்டு.

2011 ஆயுதபூஜையில் மேனேஜரின் பெண் குழந்தை ஏசி ஹாலில் ஓடி விளையாடி, மீட்டிங் மேசையின் முனையில் நெற்றியை இடித்துக்கொண்டது. தையல் போடவேண்டி வந்தது. மறுவாரமே மேலிருந்து உத்தரவு: ஆபீஸில் கூராக இருக்கும் எதையும் விடாதே, மேசை, கண்ணாடிக் கதவு, அலமாரி, தூண், அத்தனையின் ஓரத்துக்கும் ரப்பர் பீடிங் போடு.

இந்த வேலை தெரிந்தவன் யார் என்று தேடியபோது கொம்பையாவின் பெயர் வந்தது.

கொம்பையா சங்கரன்கோவில் பக்கத்துக்காரன். ஊரைவிட்டு வந்த புதிதில் ஒரகடத்தில் ஆபீஸ் ஃபர்னிச்சர் மாட்டிக் கொடுக்கும் ஒருவரிடம் ஒரு வருடம் இருந்தான். அங்கே கற்றதுதான் பீடிங் ஒட்டுவது. பிறகு இராமச்சந்திரன் என்ற கான்ட்ராக்டரின் ஆளாக இந்தக் கம்பெனிக்குள் வந்து, வார்த்த பம்பர்களை டிராலியில் அடுக்கி பெயின்ட் ஷாப் வாசல்வரை தள்ளிக்கொண்டு போகும் வேலையில் சேர்ந்தான். மூன்று வருடமாக அதே டிராலி, அதே வாசல். கழுத்தில் அடையாள அட்டை தொங்கும் மஞ்சள் நாடா. பர்மனென்ட் ஆனால் நீல நாடா.

அந்த நீல நாடாவுக்காக ஊரில் ஒரு பெண் காத்திருந்தாள். தாய்மாமன் பிச்சையாவின் மகள் சுகப்பிரியா. மாமா கறாராகச் சொல்லிவிட்டார்: "மருமவனே, ஒம்மேல எனக்கு ஒரு கொறையும் கெடையாது. கான்ட்ராக்ட்காரனுக்குக் குடுத்தேன்னு நாளைக்கு நாலு பேரு பேசப்படாது பாரு. பர்மனென்ட் ஆயிட்டேன்னு ஒரு போன் போடு. மறுநாளே நாள் குறிச்சிருவோம்." சுகப்பிரியா பேசமாட்டாள். தினமும் ஒரு மிஸ்டு கால் கொடுப்பாள். கொம்பையாவும் பதிலுக்கு ஒன்று கொடுப்பான். அவ்வளவில் அவர்கள் காதல் நடந்தது.

ஆகவே டிராலியை விட்டு ஆபீஸுக்குள் கூப்பிட்டபோது கொம்பையாவுக்குத் தலைகால் புரியவில்லை. பெரிய ஆட்கள் கண்ணில் படுகிற இடம். கறுப்பு ரப்பர் சுருளை வெந்நீரில் போட்டு இளக்கி, சொல்யூஷன் தடவி, மேசை ஓரத்தில் அழுத்திக்கொண்டே போவான். மூலை வந்ததும் உள்பக்கம் முக்கோணமாக ஒரு வெட்டு. மடக்கினால் வெட்டு விழுந்த இடமே தெரியாது. கடைசியில் பாலிஷ் ஸ்ப்ரே அடித்துத் துணியால் ஒரு இழுப்பு. ரப்பர் புது செருப்பு மாதிரி மினுங்கும். அந்த மினுக்கம் இல்லாமல் எந்த மேசையையும் அவன் விட்டதில்லை. ஃபர்னிச்சர்காரர் அவனை அப்படிப் பழக்கியிருந்தார்.

அட்மின் ஆபீசர் ஜெகநாதன் காஞ்சிபுரத்துக்காரர். அவர் மேசைக்கு ஒட்டி முடித்தபோது கையை வைத்துத் தடவிப் பார்த்தார்.

"இன்னா கொம்பையா, ஜம்முனு கீதேப்பா! இத்தினி நாளா உன்ன டிராலி தள்ள வுட்டுகினு இருந்தோமே."

"சார், பொங்கலுக்கு பர்மனென்ட் போடுதாங்கன்னு சொல்லுதாவ…"

"மேல உன் பேர சொல்லிகீறேன். கம்முனு வேலய பாரு. மத்தத நான் பாத்துக்கிறேன்."

அன்று மாலையே மாமாவுக்குப் போன் போட்டான். நிச்சயமில்லாததைச் சொல்லக்கூடாது என்று நினைத்துக்கொண்டே போட்டு, பொங்கலுக்குப் பர்மனென்ட் என்று சொல்லியும் விட்டான்.

அறையில் அவனோடு இருந்தவன் மகாராஜா. ஒரே ஊர், ரெண்டு தெரு தள்ளி வீடு. அவனும் டிராலிக்காரன், அவன் கழுத்திலும் மஞ்சள் நாடாதான். அந்த டிராலியைப் பற்றிச் சொல்லவேண்டும். தகரத்தை மடிக்காமல் வெட்டி வைத்த ஓரம். சரியாகத் தொடை உயரத்தில் இருக்கும். அவசரத்தில் திருப்பினால் பேன்ட்டோடு சதையைக் கிழித்துவிடும். டிராலி தள்ளும் எல்லோருக்கும் வலது தொடையில் ஒரே இடத்தில் தழும்பு இருந்தது. குளிக்கிற இடத்தில் பார்த்தால் ஒரு கம்பெனி ஆட்கள் என்று சொல்லிவிடலாம். சூப்பர்வைசரிடம் கேட்டால், "பார்த்துத் தள்ளுங்கப்பா" என்பார். அதற்கு மேல் அவரிடம் மருந்து கிடையாது.

மகாராஜா அன்றைக்குப் புதிதாக ஒரு கிழிசலோடு வந்து அறையில் உட்கார்ந்திருந்தான். மஞ்சள்தூளை அப்பிக்கொண்டே கேட்டான்:

"ஏலே கொம்பையா, ஆபீஸ் மேசைக்குத்தான் பீடிங்கா? எங்க தொடையெல்லாம் என்ன, ரப்பர்லயா செஞ்சிருக்கு?"

"நான் என்னடே செய்ய. மேனேஜர் புள்ள நம்ம டிராலியில முட்டியிருந்தா ஒனக்கும் போட்டிருப்பாவ."

"மீந்தது கெடக்குமுல்லா? கொண்டாந்து மாட்டுடே. ஒனக்குப் புண்ணியமாப் போவும். வல்லக்கோட்டை முருகனே ஒனக்கு நீல நாடா கட்டிவிடுவான்."

மீந்தது கிடக்கத்தான் செய்தது. கண்ணாடிக் கதவுகளுக்கென்று வாங்கிய, உள்ளே கம்பி வைத்த, ஓரத்தைக் கவ்விக்கொள்ளும் பீடிங் சுருள்கள். டிராலிக்கு வேண்டுமென்று கொம்பையா ஜெகநாதனிடம் கேட்டான். அவர் கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்: "மீந்ததுதான, எட்னு போ. என் கைல கேட்டேன்னு மட்டும் எவன்கிட்டயும் சொல்லாத."

சனிக்கிழமை மதியச் சாப்பாட்டு நேரத்தில் இருவரும் உட்கார்ந்து அத்தனை டிராலிக்கும் மாட்டினார்கள். மகாராஜா பிடித்துக்கொள்ள, கொம்பையா அழுத்தினான். தகரம் தடிப்பாக இருந்ததால் ரப்பருக்குள் போக அடம்பிடித்தது. அவன் இடுப்பில் செருகியிருந்த பாலிஷ் ஸ்ப்ரேயை ஓரம் முழுக்க அடித்தான். ரப்பர் வழுக்கிக்கொண்டு போய் உட்கார்ந்தது. மேலே இன்னொருமுறை அடித்துத் துடைத்தான்.

"மாப்பிள்ளை மாதிரில்லாடே நிக்கி டிராலி!" என்றான் மகாராஜா. சாப்பிட்டு வந்த மற்றவர்கள் ஓரத்தைத் தடவிப் பார்த்துச் சிரித்தார்கள். ஒருவன் வேண்டுமென்றே தொடையை இடித்துக் காட்டினான்.

திங்கட்கிழமை பெயின்ட் ஷாப்பில் பம்பர்கள் அம்மை போட்ட முகத்தோடு வெளியே வந்தன.

பெயின்ட் சமமாகப் படியாமல், அங்கங்கே விலகி, சின்னச் சின்னக் குழிகள். துடைத்து அடித்தாலும் குழி. புது டப்பா திறந்து அடித்தாலும் குழி. லைனை நிறுத்தினார்கள். பெயின்ட் ஷாப்பில் வேலை செய்பவர்கள் தலைக்கு எண்ணெய் வைக்கக்கூடாது, பவுடர் போடக்கூடாது, சென்ட் அடிக்கக்கூடாது என்பது விதி. எண்ணெய்ப் பசை துளி பட்டாலும் பெயின்ட் ஒட்டாது. எவனோ எண்ணெய் வைத்துக்கொண்டு வந்துவிட்டான் என்று முடிவுகட்டி, அதிகாரிகள் ஒவ்வொரு தலையாக முகர்ந்து பார்த்தார்கள். வழுக்கைத்தலைப் பெருமாள்சாமியையும் குனியச் சொன்னார்கள்.

"சார், எண்ணெ வைக்க எனக்கு எடம் எங்க சார் கீது?" என்று அவர் கேட்டதில் வரிசையே சிரித்தது. ஆனால் அடுத்த நாளும் குழி விழுந்தபோது யாரும் சிரிக்கவில்லை. பெருமாள்சாமிக்கு மூட்டுவலி, தைலம் தேய்க்கிற பழக்கம் உண்டு என்று யாரோ போட்டுக்கொடுத்தார்கள். அவரும் கான்ட்ராக்ட் ஆள்தான். நாளையிலிருந்து வரவேண்டாம் என்று சொல்லப்போவதாகப் பேச்சு.

பெயின்ட் கம்பெனியிலிருந்து வந்திருந்த ஒருவர் டிராலி அருகில் நின்று சூப்பர்வைசரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். "தைலம் இல்லீங்க இது, சிலிக்கான். பாலிஷ்ல எல்லாம் இருக்கும். ஒரு துளி கையுறையில பட்டாப் போதும், அந்தக் கை தொடுற பம்பர் எல்லாம் போச்சு." ஆபீஸ் வேலைக்கு இடையில் டிராலிக்கும் வந்து பம்பரை இறக்கிக்கொண்டிருந்த கொம்பையாவின் கை அப்படியே நின்றது. டிராலி ஓரத்தைப் பிடிக்காமல் யாரும் பம்பரை எடுக்க முடியாது. ஸ்ப்ரே டப்பாவின் மேலேயே அந்த வார்த்தை கொட்டை எழுத்தில் இருந்தது. அத்தனை நாளாக அதை ஒரு கம்பெனிப் பெயர் என்றே நினைத்திருந்தான்.

கேன்டீன் வரிசையில் மகாராஜாவிடம் சொன்னான்.

"வாயத் தொறக்காத," என்றான் மகாராஜா. "ராத்திரியோட ராத்திரியா உருவிப் போட்ருவோம்."

"பெருமாள்சாமி அண்ணாச்சிய வீட்டுக்கு அனுப்பப் போறாவடே."

"அவரு ஒனக்குப் பொண்ணு குடுக்கப்போறாரா?"

கொம்பையா யோசித்தான். பெருமாள்சாமியின்மேல் இரக்கம் இருந்தது, பொய்யில்லை. ஆனால் கூடவே ஒரு கணக்கும் இருந்தது. கண்டுபிடித்து இழுத்துக்கொண்டு போனால் குற்றவாளி; தானாகப் போய்ச் சொன்னால் யோக்கியன். லைன் நின்றுபோய்த் தவிக்கிற நேரத்தில் காரணத்தைச் சொல்கிறவனை நல்லவன் என்றுதானே நினைப்பார்கள்? ஜெகநாதன் சார் வேறு இருக்கிறார். போய்ச் சொல்லிவிட்டான்.

மேனேஜர் அறையில், அவனே ஒட்டிய மேசைக்கு இந்தப் பக்கம் நிற்கவைத்தார்கள்.

"யாரைக் கேட்டுப் பண்ணே?"

கொம்பையா ஜெகநாதனைப் பார்த்தான். ஜெகநாதன் ஜன்னலைப் பார்த்தார்.

"நான் மீந்தத ஸ்டோர்ல போடச் சொன்னேன் சார். இவன் எட்னு போய் டிராலில மாட்டுவான்னு எனக்கு இன்னா தெரியும்?"

"கூட யார் இருந்தா?"

கொம்பையா வாயைத் திறக்கவில்லை. திறக்காமலேயே மகாராஜாவைக் கூப்பிட்டார்கள், சனிக்கிழமை பார்த்தவர்கள் பலர் இருந்தார்கள். மகாராஜா கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

"நான் வேண்டாம்னுதான் சார் சொன்னேன். அவன்தான் ஆபீஸ்ல நல்ல பேரு எடுக்கணும்னு செஞ்சான். நான் சும்மா நின்னுட்டிருந்தேன்."

பெருமாள்சாமியின் வேலை பிழைத்தது. கேட் வாசலில் கொம்பையாவைக் கண்டதும் பார்வையை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு போனார். குற்றம் செய்தவனோடு பேசுவதை யாராவது பார்த்துவிட்டால் என்ன ஆவது?

அன்று அறையில் மகாராஜா இரண்டு பேருக்கும் சேர்த்துச் சோறு வடித்து வைத்திருந்தான்.

"ரெண்டு பேரும் சேந்து போறதுக்கு ஒருத்தனாவது நிக்கட்டும்னுதான் சொன்னேன்," என்றான் தட்டைப் பார்த்துக்கொண்டு.

"அந்த ஒருத்தன் நீயா இருக்கணும்னு யாருடே முடிவு பண்ணுனா?"

"நீயாத்தான போய்ச் சொன்ன. நான் வேண்டாம்னு சொன்னேனா இல்லையா?"

பசித்தது. கொம்பையா சாப்பிட்டான்.

அடுத்த ஞாயிறு, மாட்டிய அத்தனை பீடிங்கையும் அவனே உருவவேண்டும் என்று உத்தரவு. உருவி, தின்னர் விட்டுக் கழுவி, துடைத்து, மறுபடியும் கழுவினான். தகரம் பழையபடி பல்லைக் காட்டியது. வேலையிலிருந்து நீக்கவில்லை. அதற்கும் ஒரு காரணம் இருந்தது. ஆபீஸில் இன்னும் இரண்டு தூணும் டைரக்டர் அறையும் பாக்கி. அவன் அளவுக்குச் சுத்தமாக ஒட்ட வேறு ஆள் கிடைக்கவில்லை. "லைன் பக்கம் மட்டும் உன்ன பாக்கக்கூடாது," என்றார் கான்ட்ராக்டர் இராமச்சந்திரன். "என் பேரையும் சேத்துக் கெடுத்துட்டியே. ஆபீஸ் வேலைய முடி. வேற கம்பெனில இதே வேலைக்கு அனுப்பறேன்."

டைரக்டர் அறைக்கு ஒட்டி முடித்த அன்று ஜெகநாதன் வந்து நின்றார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"தப்பா நினைச்சிக்காத கொம்பையா. எனக்கும் வூட்ல ரெண்டு பொண்ணு கீது."

"சரி சார்," என்றான் கொம்பையா. சொல்லிவிட்டு, முழங்காலிட்டு மேசையின் கடைசி மூலையை வெட்டினான்.

பொங்கல் கழித்துப் பெயர்களைச் சொன்னார்கள். மகாராஜாவுக்குப் பர்மனென்ட். அவன் வல்லக்கோட்டைக்குப் போய் மொட்டை போட்டுக்கொண்டு வந்தான். சுங்குவார்சத்திரத்தில் தனியாக வீடு பார்த்து, பெட்டியையும் பாயையும் ஷேர் ஆட்டோவில் ஏற்றினான். ஸ்டவ்வை மட்டும் எடுக்கவில்லை.

"நீ வச்சுக்கடே," என்றான்.

கொம்பையா அதன்பிறகு ஒரகடம், மாம்பாக்கம், ஸ்ரீபெரும்புதூர் என்று கம்பெனி கம்பெனியாகப் போய் ஆபீஸ் மேசைகளுக்கு ஒட்டிக்கொண்டிருந்தான். கழுத்து நாடா அங்கங்கே நிறம் மாறியது. எல்லாம் விசிட்டர் நாடா. சாயங்காலம் கேட்டில் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். மிஸ்டு கால் முதலில் இரண்டு நாளுக்கு ஒன்றாகி, பிறகு வாரத்துக்கு ஒன்றாகி, சித்திரையோடு நின்றது.

வைகாசியில் ஒருநாள் மாமா பிச்சையா கூப்பிட்டார். ஒரகடம் கூட்ரோட்டில் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தான். கண்டெய்னர் லாரிகளின் இரைச்சலில் ஒரு காதைப் பொத்திக்கொண்டு பேசவேண்டியிருந்தது.

"சாப்பிட்டியாப்பா? ஒடம்பு நல்லாருக்கா?"

"நல்லாருக்கேன் மாமா. அத்தை எப்படி இருக்கா?"

"இருக்கா. மகாராஜா அம்மா ஊரு பூரா முட்டாய் குடுத்தா. எங்க வீட்டுக்கும் வந்தா. ஒனக்கு ஏன் ஆகலன்னு கேட்டேன். மெஷின் சாமானத்துல ஏதோ கெடுத்துப்பிட்டான், பெரிய நஷ்டம்னு சொன்னா. நான் நம்பல."

நம்பவில்லை என்று சொன்ன குரலில், அது உண்மையா என்ற கேள்வி இல்லை. மகாராஜா கேட்டுத்தான் மாட்டினேன் என்று சொல்லலாமா என்று கொம்பையா பார்த்தான். சொன்னால் நீல நாடா வந்துவிடுமா?

"ஆமா மாமா. கெடுத்துட்டேன்."

"சரி, விடு. நேரம். மகாராஜா நம்பரு ஒன்ட்ட இருக்கா தம்பி? அவன் அம்மா ஒரு நம்பரு குடுத்தா, அது போவமாட்டேங்கு. அவன்ட்ட ஒரு விசயம் பேசணும்."

என்ன விஷயம் என்று கொம்பையா கேட்கவில்லை. வயதுக்கு வந்த மகளை வைத்துக்கொண்டிருக்கிறவருக்கு, நம்ம ஆளாகவும் இருந்து பர்மனென்ட்டாகவும் இருக்கிற ஒருவனிடம் பேச வேறு என்ன இருக்கிறது. நாலு வருடம் ஒரே சோற்றைத் தின்றவனின் நம்பர், போனைப் பார்க்காமலேயே வாயில் வந்தது. ஓர் எண்ணை மாற்றிச் சொல்லிவிடலாம் என்று தோன்றியது. மாற்றினால் மாமா நாளைக்கு மறுபடியும் கூப்பிடுவார். மறுபடியும் மருமவனே இல்லாத இதே 'தம்பி', இதே கேள்வி.

எண்களை ஒவ்வொன்றாகச் சொன்னான். மாமா பின்னாலேயே திருப்பிச் சொல்லிக்கொண்டு வந்தார்.

"கடேசில என்ன சொன்ன, எட்டா ஏழா? லாரிச் சத்தத்துல சரியாக் கேக்கல."

"ஏழு மாமா," என்று கொம்பையா உரக்கச் சொன்னான். "ஏழு."