ஆடி வெள்ளியும் டிரெய்லர் அடுப்பும்

எண்பதுகளில் நாங்கள் நியூ ஜெர்சியில், மான்மவுத் ஜங்ஷனில் இருந்தோம். காருக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போகிற டிரெய்லர் வீடு ஒன்றை என் வீட்டுக்காரர் செகண்ட் ஹேண்டில் வாங்கினார். உள்ளே கட்டில், ஸிங்க், இரண்டு பர்னர் அடுப்பு எல்லாம் உண்டு. கேஸ் சிலிண்டர் மட்டும் வெளியே, முன்பக்கம் உட்கார்ந்திருக்கும்.

வண்டி வந்தால் நான் சும்மா விடுவேனா? முதல் பயணம் கிளம்பிய அன்று டயர், கதவு, சிலிண்டர், பக்கத்தில் இருந்த ரெகுலேட்டர் என்று ஒன்று விடாமல் சந்தனம் குழைத்து அப்பி, குங்குமம் வைத்தேன். டயருக்கடியில் எலுமிச்சம்பழம் நசுக்கித்தான் புறப்பட்டோம்.

மறுநாள் ஆடி வெள்ளி. ஏரிக்கரை கேம்ப்கிரவுண்டில் குளித்துவிட்டு வந்து, அம்மன் படத்தை ஜன்னலோரம் சாய்த்து வைத்தேன். ஆடி வெள்ளியில் சர்க்கரைப் பொங்கல் நைவேத்தியம் ஆகாமல் நான் பச்சைத் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை. கல்யாணத்துக்கு முன்பிருந்தே அப்படித்தான். பத்தரைக்கு ராகு காலம் வந்துவிடும். எட்டரைக்கு அடுப்பைப் பற்றவைத்தால், சுடர் அகல் விளக்குத் திரி அளவுக்கு எரிந்து, சுருங்கி, அணைந்தது.

"ஏங்க, அடுப்பு எரியலை."

"நீ சரியா திருப்பியிருக்க மாட்டே. தள்ளு."

அவர் இன்ஜினியர். முதலில் சிலிண்டர் மேல் வெந்நீர் ஊற்றி, எதுவரை ஜில்லென்று இருக்கிறது என்று தடவிப் பார்த்தார். பாதிக்கு மேல் கேஸ் இருந்தது. ஜாயின்ட்டெல்லாம் சோப்புத் தண்ணீர் தடவினார். ஒரு குமிழிகூட வரவில்லை. பிறகு மேனுவலை எடுத்துவைத்துக்கொண்டு பரீட்சைக்குப் படிப்பதுபோல் உட்கார்ந்துவிட்டார். மணி ஒன்பதேகால்.

"பேசாம பிரெட் சாப்பிட்டுடேன். அம்மன் கோவிச்சுக்க மாட்டா."

"அவ மாட்டா. நான் கோவிச்சுக்குவேன்."

வெளியே விறகுத் தீ மூட்டக்கூடாது என்று போர்டு இருந்தது. பக்கத்து டிரெய்லரில் அடுப்பு கேட்கலாம் என்றால், அங்கே பேக்கன், அதாவது பன்றிக்கறி, பொரிகிற வாசனை. அம்மனே, இது என்ன சோதனை என்று நான் நின்றிருந்தபோது, அந்த டிரெய்லர்க்கார வெள்ளைக்காரத் தாத்தா காபிக் கோப்பையோடு வந்தார். எனக்கும் புரிகிற மாதிரி நிதானமான இங்கிலீஷில் சொன்னார். ரெகுலேட்டரில் காற்று போய்வர ஒரு சின்ன ஓட்டை இருக்குமாம். பூச்சி கூடு கட்டி அதை அடைத்தால் கேஸ் சரியாக வராதாம்.

"நோ, நோ, எங்க வண்டி ரொம்ப கிளீன்," என்றார் இவர், திரும்பிக்கூடப் பார்க்காமல். ஸ்பேனர் இரவல் வாங்கத் தாத்தாவோடு போனார்.

நான் ரெகுலேட்டர் பக்கம் போனேன். குனிந்து பார்த்தேன். அந்த ஓட்டை மேலேயே என் சந்தனம் காய்ந்து, மூடி போட்டதுபோல் இருந்தது. பூச்சிகூட இவ்வளவு அழுத்தமாக அடைத்திருக்காது. சிலிண்டரை மூடினேன். முந்தானையை நனைத்துத் துடைத்தேன். தாலிச் சங்கிலியில் தொங்கிய ஸேஃப்டி பின்னை எடுத்து ஓட்டையைப் பதமாகச் சுரண்டினேன். மெதுவாக சிலிண்டரைத் திறந்துவிட்டு, ஒன்றும் தெரியாதவள்போல் அரிசி களையப் போய்விட்டேன்.

இவர் ஸ்பேனரும் தாத்தாவுமாகத் திரும்பி வந்து ஏதோ ஒரு நட்டை அரைத் திருகு திருகினார். "இப்போ பத்தவை."

பர்னர் முழுக்க நீலமாகப் பிடித்தது.

"பாத்தியா? நட்டு லூஸ்!"

"அதுக்குத்தாங்க நீங்க வேணும்கறது," என்றேன். தாத்தா என் முந்தானையில் இருந்த சிவப்பு ஈரத்தைப் பார்த்தார், ரெகுலேட்டரைப் பார்த்தார், என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். குக்கர் தயவில் பத்து இருபத்தைந்துக்கு மணி அடித்து நைவேத்தியம் செய்தேன். முதல் கிண்ணப் பொங்கல் தாத்தாவுக்குத்தான் போனது. வாயை மூட வேண்டாமா?

அடுத்த பயணத்துக்கு நான் சந்தனம் குழைத்தபோது இவரே கூப்பிட்டார். "ரெகுலேட்டருக்கு நல்லா வை. போன தடவை நீ வச்ச ராசிதான், சரியான நட்டு என் கையில மாட்டிச்சு."

"டயருக்கு வச்சாலே போதும்னு அம்மன் சொல்லிட்டாங்க," என்று சொல்லிவிட்டு, அந்தப் பக்கம் திரும்பிக் கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.