வக்கீல் சொன்ன இரண்டு வருடம்

ஏப்ரல் மாதம் இரண்டாவது வியாழக்கிழமை, காலை ஒன்பது மணிக்கு, டார்லா தன் துணிமணிகளைக் காரில் ஏற்றிக்கொண்டு தங்கை வீட்டுக்குக் கிளம்பினாள். முப்பத்தோரு வருடக் குடித்தனம். வெர்லன் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.

"சண்ட போட்டிருந்தாக்கூட இருந்திருப்பேன், வெர்லன். நீ வாயே தொறக்க மாட்டேங்கிற. செவுத்தோட எத்தன நாள் குடித்தனம் பண்றது?"

அவன் பேச்சை நிறுத்தி அப்போது பதின்மூன்று மாதம் ஆகியிருந்தது.

அமெரிக்காவில், ஓக்லஹோமா மாநிலத்தின் மேற்குப் பகுதியில் ஒரு சிற்றூரில் டிராக்டர் பழுது பார்ப்பவன் வெர்லன். இடுப்பில் துப்பாக்கி இல்லாமல் தேவாலயத்துக்குக்கூடப் போனதில்லை. காபிக் கடையில் நுழைந்தாலே கேலி தொடங்கிவிடும்.

"எந்திரிங்கடா, ஷெரீஃப் வந்துட்டாரு! ஏம்ப்பா, குளிக்கும்போதாவது கழட்டி வைப்பியா, இல்ல அதுக்கும் சோப்பு போடுவியா?"

"உங்கள எல்லாம் காப்பாத்த வேற யாருடா இருக்கா?" என்பான். சிரித்தவர்களில் பாதிப் பேரின் சட்டைக்குள்ளும் ஒன்று இருந்தது.

துப்பாக்கி உரிமம் வாங்குவதற்காக ஒருநாள் வகுப்புக்குப் போயிருந்தான். கொள்ளையைக் கண்ணெதிரே பார்த்தால் என்ன செய்வது என்று அங்கே சொல்லிக் கொடுத்தார்கள். "மறைவாப் போங்க. ஆள நல்லாப் பாத்து வச்சுக்கோங்க. போலீசுக்குப் போன் பண்ணுங்க. யாரு திருடன், யாரு நம்மாளுன்னு உங்களுக்குத் தெரியாது." எல்லோரும் தலையாட்டினார்கள், வெர்லனும்தான். பிறகு குறி பார்த்துச் சுடும் தேர்வில் முதலாவதாக வந்தான். அது மட்டும்தான் அவன் மனதில் நின்றது.

மார்ச் மாதம் தீவனக் கடைக்குக் கோழிக்குஞ்சுகள் வரும். தகரத் தொட்டியில், சிவப்பு விளக்கின் சூட்டில் நெருக்கியடித்துக்கொண்டு கத்தும். டார்லா போவதற்கு முந்தின வருடம், அவன் அவற்றைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தபோது கல்லாப் பக்கம் ஒரு பெண் அலறினாள். நிமிர்ந்தான். பழுப்புக் கோட்டு போட்ட ஒருவன் முதுகைக் காட்டியபடி, கல்லாப் பக்கம் துப்பாக்கியை நீட்டி நின்றான். வெர்லன் இரண்டு முறை சுட்டான்.

உண்மையான திருடன், முகமூடி போட்ட ஒருவன், அதற்குள் கதவைத் தாண்டி ஓடியிருந்தான். விழுந்து கிடந்தவன் ஆர்லின் ஹட்சல், பக்கத்து ஊரில் மாடு வளர்ப்பவன். திருடனைத் தடுக்கத்தான் அவனும் தன் துப்பாக்கியை உருவியிருந்தான்.

"நான் இல்லப்பா... நான் இல்ல," என்றான். ஆம்புலன்ஸ் வருவதற்குள் உயிர் போய்விட்டது.

நியாயமான பயத்தில் சுட்டான் என்று சொல்லி அரசுத் தரப்பு வழக்கே போடவில்லை. காபிக் கடையில் கேலி நின்றுபோனது. தோளைத் தட்டி, "உன் எடத்துல நாங்க இருந்தாலும் அதத்தான் செஞ்சிருப்போம்," என்றார்கள். அவன் அந்தக் கடைக்குப் போவதையே நிறுத்திவிட்டான்.

ஆர்லினின் மனைவி வாண்டாவிடம் போய் மன்னிப்புக் கேட்க வேண்டும். அவனுக்கு வேண்டியதெல்லாம் அது ஒன்றுதான். வக்கீல் புரூயிட் விடவில்லை.

"மன்னிப்புன்னு வாயெடுத்தீங்கன்னா, தப்ப ஒத்துக்கிட்டீங்கன்னு கோர்ட்ல நிறுத்திருவாங்க. வீடு, பட்டறை எல்லாம் போயிரும். அந்தம்மா நஷ்டஈடு கேட்டுக் கேஸ் போட ரெண்டு வருஷம் டயம் இருக்கு. அதுவரைக்கும் யார்கிட்டயும் மூச்சு விடாதீங்க. பொண்டாட்டிகிட்டயும்தான்."

அடக்கத்துக்குப் போகவில்லை. பூ அனுப்பவில்லை. சொல்ல வேண்டியதைச் சொல்ல முடியாமல், மற்றதையும் சொல்வதை விட்டுவிட்டான். சாப்பாட்டு மேசையில் டார்லா கேட்டதற்கெல்லாம் தலையை மட்டும் ஆட்டினான். அவளும் போனபின், காப்பாற்றி வைத்த வீட்டில் தனியாக உட்கார்ந்து நாட்களை எண்ணினான்.

இரண்டு வருடம் முடிந்த மறுநாள், மன்னிப்புக் கேட்டு வாண்டாவுக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தான். நான்கு வரி எழுத ஒரு வாரம் பிடித்தது. கீழே போன் நம்பரையும் போட்டுத் தபாலில் சேர்த்தான். பதில் வரவில்லை.

நான்கு வருடம் கழித்து, ஒரு மத்தியானம், பட்டறையில் அவன் போனுக்குக் குறுஞ்செய்தி வந்தது.

"நான் வாண்டா ஹட்சல். உங்க லெட்டர் அப்பவே வந்துருச்சு. கேஸ் போடணும்னு நான் நெனச்சதே இல்ல. அந்த மொத வாரம், தெரியாம நடந்துபோச்சும்மான்னு சொல்ல ஒரு ஆளு வரமாட்டாங்களான்னு வாசலையே பாத்துகிட்டு இருந்தேன். இப்ப அத வச்சு நான் என்ன பண்றது? இனிமே எழுதாதீங்க."