ஃபேன் ஓடாத அறை

ஃபேனை நிறுத்திவிட்டுத்தான் ஷரீஃப் 'வாங்க' என்பார். ஜன்னலில் கறுப்புத் துணி, உடம்பில் கறுப்புச் சட்டை. வெள்ளைச் சட்டை போட்டால் அதன் வெளிச்சம் பொருள்மேல் விழுந்துவிடுமாம். மைத்துனி கல்யாணத்துக்கும் அதே கறுப்பில் போய் நின்றார். மனைவி சாய்மா அதை இன்னும் மறக்கவில்லை.

கோபாலபுரத்து மாடி அறையில் அவருக்கு வேலை, எழுத்து தேய்ந்த பழைய பொருள்களைப் படம் பிடித்துக் கணினியில் சேர்ப்பது. காமிராவும் அசையாது, பொருளும் அசையாது. விளக்கு மட்டும் படத்துக்குப் படம் இடம் மாறும். எந்தப் பக்கம் போனாலும் தூரம் மாறாதிருக்க விளக்கில் ஒரு நூல் கட்டியிருக்கிறார். மொத்தம் நாற்பத்தெட்டுப் படம். நடுவில் எது அசைந்தாலும் முதலிலிருந்து. தும்மல் வந்தால் படியிறங்கிப் போய்த்தான் தும்ம வேண்டும். வேர்க்கிறது என்பவர்களுக்கு ஒரே பதில்: "காத்து வேணும்னா பெசன்ட் நகர் பீச்சுக்குப் போங்க. இங்க எழுத்துதான் கீது."

போன மே மாதம், தி.நகர் பாத்திரக்கடை ஜெயபாரதி ஒரு செப்புத் தகட்டோடு வந்தார். சொந்த ஊர்க் கிணற்றில் பதித்திருந்தது. கிணற்றை வெட்டியது தாத்தா என்று அண்ணன்மார் அந்த வெள்ளிக்கிழமை புதுக் கல் நடவிருந்தார்கள். இல்லை, தாத்தாவின் அக்கா உலகம்மாள் என்பது ஜெயபாரதி கட்சி. பெயர் இருந்த வரியோ தேய்ந்துகிடந்தது. தகடு மட்டும் கண்ணைக் கூசவைத்தது.

"போட்டோவுக்குப் போவுதேன்னு புளி போட்டுத் தேய்ச்சேன் பாய்."

"இன்னாம்மா, பொண்ணு பாக்கவா வர்றாங்க? எழுத்துக்குள்ள கீற அழுக்குதான் நமக்கு சாட்சி. அதையும் கழுவி வுட்டுட்டீங்களே!"

வாய்தான் திட்டியது. கழுத்து நிற்காத குழந்தையைத் தூக்குவதுபோல அடியில் கை கொடுத்துத் தகட்டைக் கிடத்தினார்.

விளக்கு உச்சியில் இருந்தவரை வெறும் பளபளப்பு. சுற்றிச் சுற்றி இறக்கிக்கொண்டே வந்தார். முப்பத்தோராவது படத்துக்கு விளக்கு மேசையை ஒட்டியது. பக்கவாட்டு வெளிச்சத்தில் பள்ளங்களில் நிழல் கட்டியது. திரையில் முதலில் 'உல' தெரிந்தது. உற்றுப் பார்க்க, முழுப் பெயரும்.

"உலகம்மா பாட்டிதான்! அண்ணனுக்கு போன் போடட்டா பாய்?"

"இரும்மா, இன்னும் பதினேழு பாக்கி. ஆடாம நில்லுங்க."

ஜெயபாரதி நின்றுதான் பார்த்தார். காலையில் சாப்பிடாமல் வந்தவர். நெற்றி வேர்வை கழுத்தில் வழிய, சுவரைப் பிடித்தபடி மெல்லத் தரையில் சரிந்து உட்கார்ந்தார்.

ஷரீஃப் விளக்கைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். நூலைக் கையிலிருந்து விட்டுவிட்டு, எட்டி ஃபேன் ஸ்விட்சைத் தட்டினார்.