பன்னிரண்டு சிவப்புக் கட்டைகள்

சனிக்கிழமை சாயங்காலம் குளிக்கும்போது என் கழுத்திலிருந்து வழிந்த தண்ணீர் ஆரஞ்சு நிறத்தில் இருந்தது. சோப்பைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டேன்.

உத்திரமேரூரிலிருந்து காஞ்சிபுரம் போகும் வழியில் ஒரு தகரக் கொட்டகையில் எனக்கு வேலை. பில்லியர்ட்ஸ் மேஜையில் பந்தைத் தள்ளும் கியூ கம்புகள் செய்கிறோம். முன்பாதி வெள்ளை மரம். கையில் பிடிக்கிற அடிப்பாதிக்குத்தான் விதவிதமான மரங்கள். அன்று முழுக்க நாங்கள் இழைத்தது பிளட்வுட் என்ற தென்னமெரிக்க மரம். அதன் தூள் சிவப்பு. ஆரஞ்சுத் தூள் விழுவது படாக் என்ற வேறொரு மரத்தில். அறுத்த புதிதில் இரண்டும் அண்ணன் தம்பிபோல இருக்கும். பிளட்வுட்டின் சிவப்பு வருஷக்கணக்கில் நிற்கும். படாக் மெல்ல மெல்லப் பழுப்பேறிவிடும். ஒரு கிளப்புக்குப் பன்னிரண்டு கம்பு, எல்லாம் ஒரே சிவப்பு, பிறகும் மாறக் கூடாது. இதுதான் ஆர்டர்.

அந்த வாரம் கொட்டகைக்குள் மழைச்சாரல் அடித்து, கட்டைகளில் போட்டிருந்த சாக்பீஸ் குறிகள் அழிந்துபோயின. இரண்டு மரமும் ஒரே அடுக்கில் கிடந்தன.

"நீதான் செடி கொடியெல்லாம் படிச்சவனாச்சே, பிரிச்சிக் குடு" என்றார் மேஸ்திரி.

தாவரவியல் படித்தவன் நான். பசை கலந்தாயிற்று, இறுகிவிடும் என்று அவர் அவசரப்படுத்த, ட்யூப்லைட் வெளிச்சத்தில் கண்ணால் பார்த்தே பன்னிரண்டு கட்டைகளை எடுத்துக் கொடுத்தேன். நோட்டில் 'மரம் பார்த்தவர்' என்ற இடத்தில் கையெழுத்தும் போட்டேன். எங்கள் வீட்டில் கைநாட்டு வைக்காத முதல் ஆள் நான். யாராவது கையெழுத்து கேட்டால் கொஞ்சம் வேகமாகவே போட்டுவிடுகிறேன்.

திங்கட்கிழமை அந்தக் கம்புகளுக்குப் பாலிஷ். அதற்குப் பிறகு பெட்டிக்குள் போய்விடும்.

ஞாயிறு விடிந்ததும் பழைய டிபன் பாக்ஸைத் திறந்தேன். கட்டைகளில் வெட்டிக் கழிக்கும் நுனிகளுக்கு அந்தந்தக் கட்டையின் எண் எழுதி அதில் சேர்த்து வைப்பது என் வழக்கம். பன்னிரண்டையும் பிளேடால் சீவி ஜன்னலோரம் வைத்தேன். படாக்கில் துளைகள் பெரிதாக இருக்கும். ஐந்தாம் எண்ணில் பெரிது போலிருந்தது. ஒன்பதிலும். மறுபடி பார்த்தால் எல்லாவற்றிலும் பெரிது. வாசலுக்குப் போனேன். உள்ளே வந்தேன். திரும்ப வாசலுக்குப் போனேன்.

"இன்னாடா, குட்டி போட்ட பூனையாட்டம் சுத்திக்கினு கீற? நாஷ்டா ஆறுது பாரு" என்றாள் அம்மா.

நைனாவுக்குச் சர்க்கரை. வேங்கை மரக் குவளையில் இரவு ஊற்றி வைத்த தண்ணீரைக் காலையில் கண்ணாடி கிளாஸில் ஊற்றிக் குடிப்பார். வெயில் பட்டால் அந்தத் தண்ணீரின் விளிம்பில் நீலம் மின்னும். தினமும் பார்க்கிற நீலம்தான். அன்றைக்குத்தான் உறைத்தது: வேங்கையும் படாக்கும் ஒரே பேரினம். பரீட்சையில் எழுதி மதிப்பெண் வாங்கி, அதோடு மறந்துபோன விஷயம். அப்படியானால் படாக் சீவலும் தண்ணீரில் ஊறினால் நீலம் காட்ட வேண்டும். பிளட்வுட் காட்டக் கூடாது.

வீட்டில் நைனாவின் கிளாஸைத் தவிர எல்லாம் எவர்சில்வர். டீக்கடைக்கு ஓடினேன்.

"பன்னெண்டு கிளாஸா? இன்னா, பொண்ணு வூட்டுக்காரங்க வந்துகீறாங்களா?" என்றார் கடைக்காரர்.

"மரத்துக்குண்ணா."

"மரத்துக்கு டீயா! நல்லா படிச்ச போ."

எட்டுதான் கொடுத்தார். மீதிக்கு ஊறுகாய் பாட்டில்கள். எண்ணெய்ப் பிசுக்குப் போகத் தேய்த்து, மாடிப்படிச் சுவரில் வரிசையாக வைத்து, ஒவ்வொன்றிலும் தண்ணீர் ஊற்றி ஒரு நுனியின் சீவலைப் போட்டேன். நீலம் எடுப்பாகத் தெரிய, பின்னால் பிடிக்க அம்மாவின் கறுப்புக் குடை. எல்லாம் தயார். வெயில் மட்டும் இல்லை.

ஒரு மணி நேரம் மேகம். நிற்பேன், உட்காருவேன், ஏரிப் பக்கம் எங்காவது வெளுக்கிறதா என்று பார்ப்பேன். குடையை விரிப்பேன், மடக்குவேன்.

நைனா வந்து பார்த்தார். "இன்னாடா, உனுக்கும் சக்கரையா? இந்த வயசுலியேவா?" என்று சிரித்தபடி ஒரு கிளாஸை எடுக்கப் போனார்.

"தொடாத நைனா!" என்று கத்திவிட்டேன்.

கையை இழுத்துக்கொண்டார். "சரி, சரி. இன்னாத்துக்கு இப்டி பேஜாராவற?" என்றவர் போகாமல் படியிலேயே உட்கார்ந்தார்.

வெயில் வந்தபோது நான் குடையை மடக்கி வைத்திருந்தேன். அதை அவர்தான் எடுத்து விரித்துப் பிடித்தார். மூன்று, ஐந்து, பதினொன்று. மூன்றின் விளிம்பிலும் நீலம். மற்ற ஒன்பதும் சும்மா இருந்தன.

"என் தண்ணியாட்டமே கீது" என்றார் நைனா.

சொல்லாமல் விட்டால் யாருக்கும் தெரியாது. கிளப்பில் மூன்று கம்புகள் பழுப்பேறும் நாளில் நான் எங்கே இருப்பேனோ. போனைக் கையில் வைத்துக்கொண்டு தெருமுனைவரை நடந்து திரும்பினேன். பிறகு மேஸ்திரியைக் கூப்பிட்டேன்.

"பாலிஷ் போட்டா எல்லாம் ஒரே செவப்புதான்டா. ஞாயித்துக்கெழமகூட தூங்க வுட மாட்டியா?"

"கையெழுத்து என்னுதுண்ணே."

அந்தப் பக்கம் டிவி சத்தத்தைக் குறைத்தார்.

"மூணுதான? காலைல வந்து நீயே அறுத்துப் போடு. ஆமா, மீதி ஒம்போதும் பிளட்வுட்டுனு தண்ணி சொல்லிச்சா?"

"படாக் இல்லன்னு சொல்லிச்சு."

"அதான் கேக்கறேன்."

"அந்த அடுக்குல ரெண்டு மரந்தான இருந்துது?"

"அத்தயும் நீதான சொல்ற" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

திங்கட்கிழமை காலை, ஒட்டி முடித்த மூன்று கம்புகளையும் நானே ரம்பத்தில் கொடுத்தேன். ஆரஞ்சுத் தூள் மணிக்கட்டில் படிந்தது. நோட்டில் பழைய கையெழுத்தின் கீழே மூன்று எண்களையும் எழுதி, 'தவறாகப் பார்த்தேன்' என்று எழுதி, மறுபடி கையெழுத்துப் போட்டேன். இந்த முறை மெதுவாக.

ஒன்பது கம்புகளும், புதிதாகச் செய்த மூன்றும் போய்ச் சேர்ந்துவிட்டன. அந்த ஒன்பதின் நுனிகளும் எங்கள் வீட்டு ஜன்னலில், வெயில் படுகிற இடத்தில் கிடக்கின்றன. தினமும் வேலைக்குக் கிளம்பும்முன் ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்க்கிறேன். இன்றுவரை சிவப்புதான்.