அண்ணன் பெயரில் இருபத்தேழு வருடம்

நவமணியைப் போல ஒரு மாணவி எனக்குக் கிடைக்காமலே இருந்திருக்கலாம். மெர்போக் கோயில் மண்டபத்தில் வெள்ளிக்கிழமை காலைகளில் நான் நடத்தும் பண வகுப்புக்கு நான்கு வருடமாக வருகிறாள். எப்போதும் முதல் வரிசை. நான் சொல்வதையெல்லாம் நோட்டில் எழுதிக்கொள்வாள். "ரொம்பச் சரிங்க்கா" என்று தலையாட்டுவாள். வீட்டுக்குப் போய் ஒன்றையும் செய்ய மாட்டாள். நான் சுங்கைப் பட்டாணியில் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் குமாஸ்தா. பிடிவாதக்காரர்கள் நிறையப் பேரைப் பார்த்தவள். அவர்கள் எதிர்த்துப் பேசுவார்கள், நாமும் பேசித் தீர்த்துக்கொள்ளலாம். தலையாட்டுகிறவளை என்ன செய்வது?

ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். அப்பா இறந்தபோது அவளுக்குப் பதினாறு வயது. அம்மாவோடு பால் மரம் வெட்டப் போனாள். தோட்டம் கைமாறியதும் பத்தொன்பது வயதில் கையுறைத் தொழிற்சாலைக்கு வந்தாள். இருபத்தேழு வருடமாக அங்கேதான் இருக்கிறாள். கணவன் ஜொகூருக்கு வேலை தேடிப் போனபோது மகள் சாந்தினிக்கு மூன்று வயது. மகளுக்கு இப்போது பத்தொன்பது, பாலிடெக்னிக்கில் படிக்கிறாள். அந்த மனிதன் இன்னும் வேலை தேடி முடிக்கவில்லை போலிருக்கிறது.

இரண்டு வருடத்துக்கு முன் வகுப்பில் நாமினி பற்றிப் பேசினேன். நாம் செத்துப்போனால் ஈ.பி.எஃப். என்கிற சேமநிதிப் பணம், அதில் யார் பெயரை எழுதினோமோ அவருக்குத்தான் போகும். கல்யாணம் ஆனாலும் பிள்ளை பிறந்தாலும் பெயர் தானாக மாறாது, நாமே போய் மாற்ற வேண்டும் என்றேன். நவமணி அதைச் சிவப்பு மையில் அடிக்கோடிட்டாள்.

"உனக்கு யாரு நாமினி?" என்று கேட்டேன்.

"அண்ணன்தாங்க்கா."

அண்ணன் குழந்தைவேலு ஜித்ராவில் இருக்கிறார். அப்பா போன பிறகு படிப்பை விட்டுவிட்டு லோரி ஓட்டித் தங்கையைக் கரைசேர்த்தவர். தொழிற்சாலையில் சேர்ந்த முதல் நாள் நாமினி போர்மைக் கண்டு பயந்து நின்றவளுக்குப் பக்கத்தில் நின்று எழுதிக் கொடுத்தவரும் அவர்தான். அன்றைக்கு வேறு யார் பெயரை எழுதியிருப்பாள்? அது நியாயம். ஆனால் இன்றைக்கு?

"மாத்திடுறேங்க்கா. அண்ணன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு மாத்திடுறேன்."

கேட்கவே இல்லை. தீபாவளிக்கு, "நல்ல நாளும் அதுவுமா எப்படிக்கா சாவப் பத்திப் பேசுறது?" தைப்பூசத்துக்கு விரதம். அப்புறம் அண்ணன் வீட்டுக் கிரகப் பிரவேசம். இப்படியே இரண்டு வருடம் ஓடியது. எனக்கு இரத்தக் கொதிப்பு ஏறியதுதான் மிச்சம்.

பிறகு அவளுக்கு வயிற்றில் கட்டி என்று தெரிந்தது. சர்க்கரையும் இருந்ததால் ஆபரேஷன் கொஞ்சம் ஆபத்துதான் என்று சொல்லியே கையெழுத்து வாங்கினார்கள். அலோர் ஸ்டாரில் ஞாயிற்றுக்கிழமை ஆபரேஷன். எங்கள் கெடா மாநிலத்தில் வெள்ளியும் சனியும் அலுவலகங்கள் மூடியிருக்கும். மிச்சம் இருந்தது வியாழன் ஒரு நாள். அவளுக்கு ஏதாவது ஆகிவிட்டால் இருபத்தேழு வருடச் சேமிப்பில் சாந்தினிக்கு ஒரு காசு வராது. நான் லீவு போட்டுவிட்டுக் காரோடு அவள் வாசலில் போய் நின்றேன்.

கையில் ஒரு தட்டோடு வந்தாள். வெற்றிலை பாக்கு, வாழைப்பழம், ஆப்பிள், புது வேட்டி.

"என்ன நவமணி, பரிசம் போடவா போறோம்?"

"அண்ணன்கிட்ட வெறுங்கையோட போயி கேக்க முடியுமாக்கா?"

அவள் பணம், அவள் பெற்ற பிள்ளை. இதற்கு வெற்றிலை பாக்கு வைத்து அனுமதி! அலோர் ஸ்டார் வந்ததும், "ஈ.பி.எஃப். ஆபீஸ் இங்கதான் இருக்கு. முடிச்சிட்டு அப்புறம் ஜித்ரா போவோம்" என்று கெஞ்சினேன். "அண்ணனுக்குத் தெரியாமலா?" என்று கண் கலங்கினாள். ஸ்டியரிங்கைக் கடித்துவிடலாம் போல் இருந்தது. அலுவலகத்தைத் தாண்டி ஓட்டினேன்.

ஜித்ராவில் அண்ணி மருதம்மாள் மீன் குழம்பு வைத்திருந்தாள். நவமணி தட்டைக் கொடுத்து, "சும்மாதான் பாத்துட்டுப் போலாம்னு" என்று சொல்லி உட்கார்ந்தவள், மழையைப் பற்றிப் பேசினாள், டுரியான் பழ விலையைப் பற்றிப் பேசினாள். மணி இரண்டானது. எனக்குப் பொறுமை போய்விட்டது. நானே போட்டு உடைத்தேன்.

குழந்தைவேலுவின் கை சோற்றில் அப்படியே நின்றது.

"அத இன்னுமா மாத்தல? ஒனக்குப் புத்தி இருக்கா லா? அந்தப் புள்ள என்னா பண்ணும்?" என்று கத்தினார். பிறகு கை கழுவிவிட்டு வந்து, குரலைத் தாழ்த்தி, "என்னோடதும் ஒன் பேருலதான் இருக்கு" என்றார்.

"அண்ணே!"

"கல்யாணத்துக்கு முன்ன போட்டது. மாத்தணும்னா ஒங்கிட்ட சொல்லணும். சொன்னா, புருசன் விட்டுட்டுப் போன மாதிரி அண்ணனும் கைகழுவிட்டான்னு நெனைச்சுக்குவியேன்னு விட்டுட்டேன்."

தலையில் அடித்துக்கொண்டேன். இவர் ஒருவர்தான் பாக்கி! அப்போதுதான் மருதம்மாளைக் கவனித்தேன். கரண்டியோடு நின்றிருந்தாள். இருபத்திரண்டு வருட மனைவி. அடுப்பை அணைத்தாள், சேலை மாற்றினாள், எங்களுக்கு முன்னால் போய்க் காரின் பின்சீட்டில் உட்கார்ந்தாள்.

மூன்றரைக்கு அலுவலகத்துக்குள் நுழைந்தோம். முதலில் குழந்தைவேலு மனைவியின் பெயருக்கு மாற்றினார். நவமணியின் கட்டைவிரல் ரேகை இத்தனை வருட வேலையில் தேய்ந்து கிடந்தது. நாலாவது முறைதான் பதிந்தது. அவ்வளவு தூரம் வந்த பிறகு என் பக்கம் சாய்ந்து, "அண்ணனுக்கு ஒரு பத்து பெர்சென்ட் போடலாமாக்கா?" என்றாள்.

"நூறும் புள்ளைக்கே போடு!" என்று அண்ணன் போட்ட சத்தத்தில் அங்கிருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

போட்டாள். காகிதம் கைக்கு வந்தது. சாந்தினி, மகள், நூறு விழுக்காடு. அப்பாடா என்று நான் மூச்சு விட்டேன். நவமணியின் முகம்தான் வெளிறிப்போனது.

"இவ்வளவு நாளும் எனக்கு ஏதாச்சும் ஆனா அண்ணன் வந்து பாத்துக்கும்னு இருந்தேங்க்கா. இப்ப, எம் புள்ள ஒத்தையா வந்து இந்த நாக்காலியில ஒக்காந்து கையெழுத்துப் போடுறது கண்ணு முன்னாடி தெரியுது."

குழந்தைவேலு சுவரைப் பார்த்தபடி மூக்கை உறிஞ்சினார்.

மருதம்மாள் எழுந்து வந்தாள். அந்தக் காகிதத்தை வாங்கி மடித்து நவமணியின் பைக்குள் வைத்தாள்.

"இருவத்திரண்டு வருசமா போர்முல பேரு இல்லாமதானே ஒங்களுக்கெல்லாம் ஆக்கிப் போட்டுக்கிட்டு இருக்கேன்? அந்தப் புள்ள ஒத்தையா ஏன் வருது, நான் கூட வர மாட்டேனா?"